ஆண்கள் ஞாயிறு

பிள்ளை தூங்கட்டும் தம்பி. நீங்க இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம் சாஞ்சுக்கிடுங்க, எனக்கு இடம் போதும். நான் நாசரேத்துல இறங்கிருவேன். நீங்க உடன்குடியா? அப்ப இன்னும் தூரம் இருக்கு. பொம்பளப் பிள்ளையா? மூணு வயசு இருக்குமா? உங்க கழுத்துல சிலுவை கிடக்கதப் பாத்ததும் நம்மாளுதான்னு நெனச்சேன். அதான் கேக்கேன், தப்பா எடுக்காதீங்க. வீட்டுல குடும்ப ஜெபம் உண்டா? தினமும் உண்டா, இல்ல ஞாயிறுக்கு ஞாயிறா?

சிரிக்கீங்க. சரி.

நான் போஸ்ட்மாஸ்டரா இருந்து ரிட்டயர் ஆனவன். அருமைநாயகம்னு பேரு. எங்க சேகரத்துல, சுத்துப்பட்டுச் சபைகள் பூரா, யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க. ஆண்கள் ஞாயிறுன்னு வருஷத்துக்கு ஒரு தடவை வருதுல்லா, அன்னைக்குக் குருவானவர் பிரசங்கம் பண்ண மாட்டார், சபையில ஒரு ஆம்பளையத்தான் பீடத்துல ஏத்துவாங்க. பத்தொம்பது வருஷம் எங்க கோயில்ல அது நான்தான். தலைப்பும் மாறாது. கிறிஸ்தவத் தகப்பனின் கடமை. மைக் வேண்டாம் எனக்கு, கடைசி பெஞ்சு வரைக்கும் கணீர்னு கேக்கும். அப்படிக் குரல் கொடுத்திருந்தார் ஆண்டவர்.

அந்தக் குரல் பிள்ளைக்கு வரல, பாத்துக்கிடுங்க.

எனக்கு ரெண்டு பிள்ளைங்க. மூத்தவ சுகந்தி, ஓமன்ல நர்சா இருக்கா, வாரத்துக்கு ஒரு போன் வரும். அடுத்தது பையன், எபனேசர். எபின்னு கூப்பிடுவோம். அவனப் பாக்கத்தான் தூத்துக்குடி வந்துட்டுத் திரும்புதேன். பாக்கன்னா, பாக்கத்தான்.

ஒண்ணு மொதல்ல சொல்லிருதேன். நான் என் பிள்ளைங்க மேல கை நீட்டுனதில்ல. ஒரு தடவைகூட இல்ல. எங்கப்பா பனைமட்டையால அடிப்பாரு. முதுகுல இன்னும் தடம் இருக்கு, குளிக்கும்போது எங்க வீட்டம்மா தடவிப் பாப்பா. என் பிள்ளைய அடிக்கமாட்டேன்னு கல்யாணத்துக்கு முன்னாலயே முழங்கால்ல நின்னு பொருத்தனை பண்ணவன் நான். அதக் காப்பாத்தினேன். பிரசங்கத்துலயும் சொல்லுவேன், அடிக்காம வளக்கலாம், பொறுமை வேணும், அவ்வளவுதான்னு.

எபிக்கு ஆறு வயசுலயே திக்க ஆரம்பிச்சிட்டு. எல்லா எழுத்துக்கும் இல்ல. க-வுக்குக் கொஞ்சம் நிக்கும். ப வந்தா போச்சு. ரெண்டு உதடும் ஒட்டிக்கிட்டு, கண்ணு பிதுங்கி, கழுத்து நரம்பு பொடைச்சு, அப்படியே நிப்பான். பரமண்டல ஜெபத்துக்கு மொதல் எழுத்து என்ன? ப. நம்ம பிள்ளைங்க மூணு வயசுல சொல்லிரும். இவன் பதினோரு வயசுல மொதல் எழுத்துலயே நிக்கான். போஸ்ட்மாஸ்டர் மகன்.

இது வியாதின்னு சிலபேர் சொன்னாங்க. பள்ளிக்கூடத்து டீச்சர் ஒருத்தி, தானா சரியாகும், விட்டுருங்க சார்னா. விட்டா எப்படிச் சரியாகும்? பாட்டுப் பாடும்போது திக்க மாட்டான் தம்பி. கோயில்ல எல்லாரோடயும் சேந்து சொல்லும்போதும் திக்காது. தனியா, என் முன்னால சொல்லச் சொன்னாத்தான் திக்கும். அப்ப அது வியாதியா? பிடிவாதம். நான் அப்படித்தான் முடிவு பண்ணேன்.

அந்த வருஷம் ஆண்கள் ஞாயிறுக்கு நாப்பது நாள் இருக்கும்போது ஒரு தீர்மானம் எடுத்தேன். இவன சபைக்கு முன்னால நிறுத்தி பரமண்டல ஜெபத்த முழுசாச் சொல்ல வைக்கணும். அதுக்கப்புறம் நான் பிரசங்கத்த ஆரம்பிக்கணும். ஒரு தகப்பன் பொறுமையா இருந்தா என்ன நடக்கும்னு நாலுபேர் கண்ணால பாக்கட்டும்னு நெனச்சேன்.

எங்க வீட்டுல ஏழு மணிக்கு ஜெபம். பாட்டு, வேதவாசிப்பு முடிஞ்சதும், "எபி, ஆரம்பில"ன்னு சொல்லுவேன். அவன் நடுவுல நிப்பான். என் வீட்டம்மா ரத்தினபாய், சுகந்தி, நான், மூணு பேரும் பாயில இருப்போம். சாப்பாடு எடுத்து மூடி வச்சிருக்கும். அவன் சொல்லி முடிச்சாத்தான் எல்லாருக்கும் சாப்பாடு. ஏசமாட்டேன். கத்தமாட்டேன். கைக்கடியாரத்தக் கழட்டி முன்னால வச்சிட்டு அவன் முகத்தையே பாத்துக்கிட்டிருப்பேன். எனக்கும்தான் பசி. நானும்தான் சாப்பிடல.

ஒரு நாளு சுகந்தி மெதுவா, வாய்க்குள்ளயே, மொதல் வார்த்தைய எடுத்துக் கொடுத்தா. அதப் பிடிச்சுக்கிட்டு பையன் மடமடன்னு பாதி வரைக்கும் போயிட்டான். நான் நிறுத்திட்டேன். அக்கா சொன்னது கணக்கில்ல, மறுபடியும் மொதல்ல இருந்துன்னுட்டேன். அன்னைக்கு ஒன்பதேகால் ஆச்சு. ரத்தினபாய் அழுதா. "பச்சப்பிள்ள தண்ணிகூடக் குடிக்கலங்க"ன்னா. "அவனைக் கேளு, அவன்தான நம்மளக் காக்க வைக்கான்"னேன். நியாயம்தான? நானா காக்க வச்சேன்?

முப்பத்தெட்டாம் நாளு சொல்லிட்டான் தம்பி. ஒரு இடத்துலயும் நிக்காம, கண்ண மூடிக்கிட்டு, ஆமென் வரைக்கும். நான் எந்திரிச்சுப் போயி அவன் தலைல கை வச்சேன். மறுநாள் நாசரேத்துக்குக் கூட்டிட்டுப் போயி புது ஷூ வாங்கிக் கொடுத்தேன். கருப்பு, லேஸ் வச்சது. அவன் சந்தோஷமா இருந்தான். இருந்தான், நான் பாத்தேன்.

ஞாயித்துக்கிழமை கோயில் நெறஞ்சிருக்கு. வெளியூர்ல இருந்தெல்லாம் வந்திருக்காங்க. நான் பீடத்துல நின்னுக்கிட்டு, "என் மகன் எபனேசர் இப்ப ஜெபிப்பான்"னு சொன்னேன். அவன் ஆம்பளைங்க பக்கத்துல இருந்து நடந்து வந்தான். புது ஷூ சத்தம் கேட்டுச்சு. படியில ஏறி சபையப் பாத்து நின்னான். உதடு ஒட்டிச்சு.

நான் நின்னேன். அவசரப்படல. பொறுமைதான் அன்னைக்குப் பிரசங்கமே. சபையும் காத்திருந்துச்சு. கொஞ்ச நேரம் கழிச்சு யாரோ இருமுனாங்க. பின்னால சின்னப் பிள்ளைங்க சிரிச்சுதுங்க. குருவானவர் பக்கத்துல வந்து, "அருமைநாயகம், போதுமே"ன்னார். "இல்ல ஐயா, சொல்லிருவான்"னேன். அவன் திரும்பி என்னையப் பாத்தான். "சொல்லுல"ன்னேன். அவ்வளவுதான் சொன்னேன், மெதுவாத்தான் சொன்னேன். ஆனா என் குரல் அப்படி, கோயில் முழுக்கக் கேட்டிருச்சு.

அவன் நிக்க இடத்துல செவப்புக் கம்பளம். அது நனைஞ்சுக்கிட்டு வருது. மொதல்ல எனக்கு என்னன்னு தெரியல. ஷூ மேல வடியுது.

பொம்பளைங்க பக்கத்துல இருந்து ரத்தினபாய் எந்திரிச்சு வந்தா. செருப்பில்லாம, முக்காடு நழுவி, யாரையும் பாக்கல. முந்தானையால அவன் இடுப்பச் சுத்தி மூடி, நடு வழியா கூட்டிட்டுப் போயிட்டா.

நான் பிரசங்கத்த நிறுத்தல. பீடத்துல ஏறினா பாதியில இறங்கக் கூடாதுல்லா. முப்பது நிமிஷம் பேசினேன். நல்லா இருந்துச்சுன்னுதான் சொன்னாங்க.

வீட்டுக்கு வந்து அவன ஒரு சொல் ஏசல. கேளுங்க, இத நான் யார்கிட்ட வேணும்னாலும் சத்தியம் பண்ணுவேன். ஒரு சொல் ஏசல. எப்பவும்போல ஏழு மணிக்குப் பாய விரிச்சேன். பாட்டு, வேதவாசிப்பு. முடிச்சிட்டு, "எபி, ஆரம்பில"ன்னேன்.

அவன் எந்திரிச்சு நின்னான். வாயத் திறக்கல. திறக்க முயற்சியே பண்ணல. நேரே சுவரப் பாத்து நின்னான். நான் ஒரு மணி நேரம் பாத்துட்டு, "சரி, சாப்பிடுங்க"ன்னேன். கண்டிப்ப அன்னைக்கே குறைச்சுட்டேன்.

அதுக்கப்புறம் அவன் என் முன்னால பேசல. ஒரு வார்த்தை இல்ல. தலையாட்டுவான். வேணும்னா சீட்டுல எழுதி அம்மைகிட்ட கொடுப்பான். அடுக்களையில அவகிட்ட குசுகுசுன்னு பேசுற சத்தம் கேக்கும், நான் உள்ள போனா நின்னிரும். வைராக்கியம் பாத்துக்கிடுங்க, எங்கப்பாகிட்ட இருந்து வந்த வைராக்கியம். ஆறு வருஷம். நானும் விடல. ஏழு மணிக்கு, "எபி, ஆரம்பில"ன்னு தினமும் ஒரு தடவை கேப்பேன். அவன் எந்திரிச்சு நிப்பான். கொஞ்ச நேரம் பாத்துட்டு, உக்காருன்னு சொல்லிருவேன். கேக்குறத விட்டிருந்தா இவன நான் கைவிட்டுட்டேன்னு அவனுக்குத் தோணியிருக்கும்லா?

பதினேழு வயசுல ஐடிஐ படிக்கத் தூத்துக்குடி போனான். வரல. அங்கயே ஒரு லேத் பட்டறையில சேந்துட்டான். மிஷின் சத்தத்துல யாரும் யார்கூடயும் பேச வேண்டியதில்ல. அவன் கல்யாணத்துக்கு ரத்தினபாய் மட்டும் போனா. எனக்கும் பத்திரிகை வந்துச்சு, தபால்ல. பெத்த அப்பனுக்குத் தபால்லயா அனுப்புறது? நான் போகல.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் ரத்தினபாய்க்கு கிட்னி ரெண்டும் போயிட்டு. திருநெல்வேலியில ஒரு ஆஸ்பத்திரியில சேத்திருந்தேன். மத்தியானம் மூணு மணி இருக்கும், அவளுக்கு வாய் நனைக்க இளநி வாங்கிட்டு வாறேன். ரூம் கதவு சாத்தியிருக்கு. உள்ள ஒரு ஆம்பளை பேசுற சத்தம். டாக்டரா இருக்கும்னு நின்னேன்.

நல்ல குரல். கணீர்னு.

"நேத்து என் செருப்பத் தூக்கித் தண்ணி டிரம்முல போட்டுட்டாம்மா. கேட்டா, மீ… மீனுக்குக் கட்டில் வேணும்லாங்கா." அவ சிரிக்கா. மூணு நாளா கண்ணு திறக்காதவ சிரிக்கா. அவன் பேசிக்கிட்டே போறான், பட்டறையப் பத்தி, மகளப் பத்தி. நடுவுல நிக்கும். அவ சும்மா இருப்பா. அப்புறம் தானா போகும். கெசியாங்கான். அப்பத்தான் என் பேத்தி பேரே எனக்குத் தெரியும்.

இளநியக் கையில வச்சிக்கிட்டு எவ்வளவு நேரம் நின்னேன்னு தெரியல தம்பி. இருபத்தஞ்சு வருஷத்துக்கு மேல ஆச்சு அந்தக் குரலக் கேட்டு. பிள்ளைக் குரல்தான் எனக்குத் தெரியும். இது ஆம்பளைக் குரல். உள்ள போகாம இருந்திருக்கலாம்னு சுகந்தி பிறகு போன்ல சொன்னா. நான் ஏன் போகாம இருக்கணும்? என் பெண்டாட்டி, என் பிள்ளை.

கதவத் திறந்தேன். குரல் நின்னிட்டு.

எனக்கு சந்தோஷம் தாங்கல. நான் நெனச்சது சரியாப் போச்சுல்லா, இவனால பேச முடியும், முடியாம இல்ல. "ஆண்டவர் வாயத் திறந்துட்டார்"னேன். "எபி, அம்மா கண்ண மூடறதுக்குள்ள ஒரு தடவை அந்த ஜெபத்தச் சொல்லிருல. அவ காது குளிரட்டும்."

அவன் ஸ்டூல்ல இருந்து எந்திரிச்சான். முப்பத்தெட்டு வயசு, முன்மண்டையில முடி இல்ல. எந்திரிச்சு, கையக் கட்டி, அன்னைக்கு நின்ன மாதிரியே நின்னான். உதடு ஒட்டிச்சு. கழுத்து நரம்பு பொடைச்சுக்கிட்டு வருது. முயற்சி பண்ணான் தம்பி, அம்மைக்காகப் பண்ணான், அத நான் பாத்தேன். நான் காத்திருந்தேன்.

ரத்தினபாய் ஊசி குத்தியிருந்த கையத் தூக்கினா. என்னையப் பாத்து, "நீங்க வெளிய போங்க"ன்னா.

நாப்பத்திரண்டு வருஷத்துல என்னைய எதுத்து ஒரு சொல் சொன்னவ இல்ல. "என்னது?"ன்னேன்.

"வெளிய போங்க. என் பிள்ளை பேசிக்கிட்டிருந்தான்."

போனேன். மறுநாள் காலையில அவ போயிட்டா. என்கிட்ட அவ கடைசியாச் சொன்னது அதுதான். கிட்னி போனா விஷம் மூளைக்கு ஏறும், கடைசியில ஆள் தெரியாமப் பேசுவாங்கன்னு டாக்டர் சொன்னார். நான்தான் அவர்கிட்ட கேட்டேன். ஆமா, அப்படியும் உண்டுன்னார்.

அடக்கம் முடிஞ்சு அவன் கல்லறைத் தோட்டத்துல இருந்தே பஸ் ஏறிட்டான்.

முகவரி கண்டுபிடிக்க போஸ்ட்மாஸ்டருக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். மொதல் தடவை போனப்ப மருமக ஷீபாதான் கேட்டுக்கு வந்தா. தண்ணி கொடுத்தா. நல்ல பிள்ளைதான். "மாமா, கோவிச்சுக்காதீங்க. கெசியா கொஞ்சம் பெரிசாகட்டும்னு அவங்க சொல்லுதாங்க"ன்னா. பெரிசாகட்டும்னா என்ன அர்த்தம்? நான் என்ன பிள்ளை பிடிக்கிறவனா? டம்ளரக் கொடுத்துட்டு வந்துட்டேன்.

அப்புறம் சனிக்கிழமை சனிக்கிழமை போறேன். வீட்டுக்கு இல்ல. எதுத்தாப்புல பூட்டிக் கிடக்க ஒரு கடை, அது படியில நிப்பேன். இவன் தன் பிள்ளைக்கு ஜெபம் சொல்லிக் கொடுக்கானா இல்லையான்னு பாக்கணும்லா? தகப்பனுக்குத் தகப்பன் நான். சனிக்கிழமை அரை நாள்தான் பட்டறை. நாலு மணிக்கு அவன் வாசல்ல வந்து உக்காருவான், பிள்ளை ஒரு புத்தகத்தத் தூக்கிட்டு வந்து பக்கத்துல உக்காரும்.

பிள்ளைக்கு ஆறு வயசு. அதுக்கும் திக்குது தம்பி.

அதே ப. அதே மாதிரி உதடு ஒட்டுது. எங்க குடும்பத்துல யாருக்கும் இப்படிக் கிடையாது, ரத்தினபாய் பக்கத்துல இருந்து வந்திருக்கும். அவன் என்ன செய்யுதான்? ஒண்ணும் செய்யல. புத்தகத்துல கைய வச்சிக்கிட்டு பிள்ளை முகத்தப் பாத்து உக்காந்திருக்கான். ஒரு நாளு ஒரு வார்த்தைக்கு நடுவுல மீன்காரன் தெருவுக்குள்ள வந்து, வித்து முடிச்சு, சைக்கிள எடுத்துட்டுப் போயிட்டான். அப்பத்தான் வார்த்தை முடிஞ்சுது. அவன் திருத்தவும் இல்ல, இன்னொரு தடவை சொல்லச் சொல்லவும் இல்ல. அடுத்த பக்கத்தத் திருப்புதான். இப்படி விட்டா எங்க போயி நிக்கும்? படிச்சு முடிச்சு ரெண்டு பேரும் கண்ண மூடுவாங்க. வாயத் திறக்க மாட்டாங்க. அஞ்சு நிமிஷம் ஒரு சத்தமில்ல. பிறகு பிள்ளை ஆமென்னு சொல்லும். இது என்ன ஜெபம்?

இன்னைக்கும் அப்படித்தான் நின்னேன். அவன் உள்ள எதுக்கோ போனான். பிள்ளை எந்திரிச்சு, தெருவத் தாண்டி நேரா என்கிட்ட வந்துட்டு. இத்தனை வாரமாப் பாத்திருக்கும்போல.

"தாத்தா, நீங்க ப… ப…"

என் வாயில வந்துட்டு. பஸ்ஸுன்னு சொல்லப் போறா, நான் எடுத்துக் கொடுத்திருவோம்னு வாயத் திறந்துட்டேன். அதுக்குள்ள எதுத்தாப்புல அவன் வாசல்ல வந்து நிக்கான். என்னையத்தான் பாக்கான். நான் வாய மூடிக்கிட்டேன்.

"…பஸ்ஸுக்கா நிக்கீங்க?"ன்னு முடிச்சா.

நான் உங்க தாத்தான்னு சொல்லத்தான் நெனச்சேன். அவ்வளவுதான சொல்லணும்? சத்தம் வரல. உப்பளக் காத்துக்கு அப்படி ஆகும். பிள்ளை என்னைய ஒரு மாதிரிப் பாத்துச்சு. சிரிக்கல. "மெ… மெதுவாச் சொல்லுங்க. நான் நிக்கேன்"ன்னு சொல்லிச்சு. சொல்லிட்டுக் கையப் பின்னால கட்டிக்கிட்டு நின்னுச்சு.

"பஸ் ஸ்டாண்டுக்கு வழி தெரியலம்மா"ன்னேன்.

சொல்லித் தந்தா. நேராப் போகணும், பள்ளிக்கூடத்துல திரும்பணும், ஒரு பம்ப் ஷெட் வரும், அங்க ஒரு நாய் நிக்கும், கடிக்காது. ப எத்தனை வருது பாருங்க. எனக்குத் தெரியாத வழியா? கடைசி வரைக்கும் நின்னேன். நடுவுல ஒண்ணும் சொல்லல.

தலைய நிமுந்து பாக்கேன், அவன் தெருவுல இறங்கி நிக்கான். எனக்கும் அவனுக்கும் நாலு எட்டு இருக்கும். கையக் கட்டல, தொங்கவிட்டிருந்தான். வாயத் திறந்து, அப்புறம் உதடு ரெண்டும் சேந்துச்சு. கழுத்து பொடைச்சுது. என்னையப் பாத்துத்தான், தம்பி. என்கிட்டத்தான் என்னமோ சொல்ல வந்தான். அப்பான்னா, அ-வுக்கு அடுத்தது ப-தான? இல்ல, போங்கன்னு சொல்ல வந்தானோ. அதுக்கும் ப-தான்.

நின்னேன். கொஞ்ச நேரம் நின்னுதான் பாத்தேன். பிள்ளை அவன் சட்டையப் பிடிச்சுக்கிட்டு நிக்குது, அவன் முகத்தையே பாக்குது. அதுக்கு அவசரமே இல்ல.

இந்த நாலு அம்பது பஸ்ஸ விட்டா அடுத்தது ஆறரைக்குத்தான். நான் திரும்பி நடந்துட்டேன். பள்ளிக்கூடத்துல திரும்பும்போதுகூடப் பின்னால பாக்கல. சொல்லணும்னு இருந்திருந்தா சொல்லியிருப்பான்லா?

எவ்வளவு நேரம்தான் ஒரு மனுசன் நிக்க முடியும், நீங்களே சொல்லுங்க.